கச்சேரி சீசனும் தொண்டைக் கணக்கும்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம், அதாவது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், ராத்திரித் தூக்கம் குறைந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி. அதை ஒட்டி ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு பொங்கல். அப்புறம் சித்திரை, வைகாசி. ஆடிப்பூரத் தேர் வரைக்கும் ஏதாவது ஒரு மூலையில் மேடை போட்டிருப்பார்கள்.

மேடை என்றால் பாட்டுக் கச்சேரி இல்லாமலா?

முதல் பாட்டு சாமி பாட்டு. அடுத்தது எம்ஜிஆர், சிவாஜி. அப்புறம் இளையராஜா, இளையராஜா, இளையராஜா. கடைசியில் கமிட்டிப் பையன்கள் கேட்கும் குத்துப் பாட்டு.

நாம் கைதட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவோம். பாடினவர்கள் சாமான்களை வேனில் ஏற்றி, மறுநாள் வேறொரு ஊரில், அதே தொண்டையோடு நிற்பார்கள்.

அந்தத் தொண்டையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஏப்ரல் 16 உலகக் குரல் நாள். 1999-இல் பிரேசிலில் தொடங்கியது. நம் ஊரில் அது சரியாகக் கச்சேரி சீசனின் நடுவில் வந்து விழுகிறது. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். நடுவில் இரண்டு பழைய கதைகள் இருக்கின்றன.

முதல் கதை, எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. அதன் மறுபக்கம் தேனி மாவட்டத்து வருசநாடு. அதையும் தாண்டினால் கம்பம் பள்ளத்தாக்கு. 2021-இல் அறிவித்த புலிகள் காப்பகத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பெயரையும் மேகமலை பெயரையும் சேர்த்து வைத்திருப்பது அதனால்தான். இரண்டும் ஒரே மலைத்தொடர்.

அந்தப் பள்ளத்தாக்கில்தான் பண்ணைப்புரம்.

அங்கே பாவலர் வரதராஜன் என்று ஒருவர். எழுதுவார், பாடுவார். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் அவருக்குப் பெரிய பெயர். எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டில் கட்சியின் வார்த்தைகளைப் போட்டுப் பாடுவார். கேட்கிறவர்களுக்கு மெட்டு ஏற்கெனவே மனப்பாடம், வார்த்தை மட்டும் புதுசு. ஒரே ராத்திரியில் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

அவருடைய தம்பிகள் மூன்று பேர் அவரோடு சேர்ந்தார்கள். பாஸ்கர், ராசய்யா, அமர்.

ராசய்யா யாரென்று உங்களுக்குத் தெரியும். இளையராஜா. அமர்தான் கங்கை அமரன்.

1958. கேரளாவில் தேவிகுளம் இடைத்தேர்தல். இ.எம்.எஸ். அரசு ஆட்சிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சட்டசபையில் பெரும்பான்மையோ மிகக் கொஞ்சம். ஒவ்வொரு இடமும் முக்கியம். அந்தத் தொகுதியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நிறையப் பேர் தமிழர்கள். அவர்களிடம் மலையாளத்தில் பேசி ஓட்டு வாங்க முடியுமா?

பாவலர் குழு மலை ஏறியது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று இன்று வரைக்கும் பேசுகிறார்கள்.

ராசய்யாவுக்கு அப்போது 14, 15 வயசு.

அதற்கப்புறம் ஏறத்தாழப் பத்து வருடம் அண்ணனோடு ஊர் ஊராகப் போனார். தென்னிந்தியாவில் அந்தக் குழு ஏறாத மேடை குறைவு. 1964-இல் நேரு இறந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு ராசய்யா மெட்டுப் போட்டதும் இந்தச் சுற்றுப்பயணக் காலத்தில்தான்.

1968-இல் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, பிறகு 1976-இல் 'அன்னக்கிளி'. அந்த வெற்றியைப் பார்க்கப் பாவலர் உயிரோடு இல்லை.

நாம் கதையை 'அன்னக்கிளி'யில் இருந்து ஆரம்பிப்போம். எனக்கு அதற்கு முந்தின பத்து வருடம்தான் முக்கியமாகப் படுகிறது. எந்த மெட்டுக்கு ஜனங்கள் எழுந்து போகிறார்கள், எந்த மெட்டுக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று கேட்கிறார்கள் என்று ஒரு பையன் தினமும் எதிரில் நின்று பார்த்த பத்து வருடம். அதைச் சொல்லித் தரக் கல்லூரி கிடையாது.

இரண்டாவது கதை, அதே காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம்.

1963 பிப்ரவரி. இங்கிலாந்து. அந்த நாட்டின் சரித்திரத்திலேயே கொடுமையான குளிர்காலங்களில் ஒன்று. ரோடெல்லாம் பனி.

பிப்ரவரி 2-ஆம் தேதி பிராட்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு சினிமா தியேட்டரில் கச்சேரி. போஸ்டரில் பெரிய பெயர் ஹெலன் ஷாபிரோ. 16 வயதுப் பெண். அப்போதே பெரிய பாடகி. அவருக்குத் துணையாகப் பல குழுக்கள். அதில் ஒன்று லிவர்பூலில் இருந்து வந்த நாலு பையன்கள்.

பீட்டில்ஸ்.

அவர்களுடைய சொந்த நாட்டிலேயே அவர்கள் போன முதல் நாடு தழுவிய சுற்றுப்பயணம் அது. மார்ச் 3 வரைக்கும் 14 ஊர். பஸ்ஸில் பயணம். பெரியவர்களுக்கு 22 வயசு, கடைசிப் பையன் ஜார்ஜ் ஹாரிசனுக்கு 20 கூட ஆகவில்லை.

அதற்கு முன்னால் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கிளப்புகளில் ஒரு ராத்திரிக்கு நாலரை மணி நேரம், ஆறு மணி நேரம் என்று பாடிப் பழகின தொண்டைகள்தான். அப்படியிருந்தும் இந்தக் குளிர் ஆட்டிவிட்டது.

அந்த ஜனவரியில் ஒருநாள் ராத்திரி லண்டனில் இருந்து ஊர் திரும்பும்போது வேனின் முன் கண்ணாடி நொறுங்கிவிட்டது. ஓட்டினவர் மிச்சக் கண்ணாடியையும் தட்டிவிட்டு அப்படியே ஓட்டினார். பின்னால் நாலு பேரும் குளிர் தாங்காமல் ஒருவர் மேல் ஒருவர் படுத்துக்கொண்டு வந்தார்கள்.

சுற்றுப்பயணத்துக்கு நடுவில், பிப்ரவரி 11, ஒருநாள் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் முதல் ஆல்பம் ரிக்கார்டிங். காலையில் ஆரம்பித்து ராத்திரி வரைக்கும், ஒரே நாளில் பத்துப் பாட்டு.

பாட வேண்டிய ஜான் லெனனுக்குப் பயங்கர ஜலதோஷம். நாள் முழுக்கத் தொண்டை மாத்திரையும் பாலுமாக ஓட்டினார்.

'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' என்ற பாட்டை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தார்கள். அது கத்திப் பாட வேண்டிய பாட்டு. அதைப் பாடினால் தொண்டை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். ராத்திரி பத்து மணி வாக்கில் ஒரே மூச்சில் பாடினார். இன்னொரு தடவை எடுக்கலாம் என்று முயன்றபோது குரல் இல்லை. நாம் இன்றைக்குக் கேட்பது அந்த முதல் தடவை பாடியதை.

கேட்டுப் பாருங்கள். இசை ரசிகர்களுக்கு அது ராக் இசையின் பெரிய தருணம். காது மூக்கு தொண்டை மருத்துவர் கேட்டால் "வீங்கின குரல்நாண்" என்பார். இரண்டுமே உண்மை.

மறுநாளே மறுபடி மேடை.

கதை அங்கே முடியவில்லை. ஒரு மாதம் கழித்து, அடுத்த சுற்றுப்பயணத்தில், மார்ச் 12, 13, 14 மூன்று நாளும் லெனனால் மேடை ஏற முடியவில்லை. கடுமையான சளி. மற்ற மூன்று பேர் அவருடைய பாட்டையும் பகிர்ந்து பாடிக் கச்சேரியை நடத்தினார்கள்.

இந்த மூன்று நாளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே தேவைப்படும்.

சரி, பண்ணைப்புரம் எங்கே, லிவர்பூல் எங்கே? இரண்டையும் ஏன் ஒன்றாகச் சொல்கிறேன்?

இரண்டு குழுவும் ஆரம்பத்தில் அடுத்தவர் பாட்டைப் பாடித்தான் வளர்ந்தார்கள். பீட்டில்ஸின் அந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, அதில் 6 மற்றவர்களுடையது. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' உட்பட. பாவலர் குழுவோ சினிமா மெட்டை எடுத்துக்கொண்டது.

நம் தெரு மேடையில் பாடுகிறவர்களை "சும்மா சினிமா பாட்டு பாடுற ஆர்கெஸ்ட்ரா" என்று லேசாகப் பேசுகிறோமே, அவர்கள் செய்வதும் அதே வேலைதான். அதே வேன், அதே ராத்திரி, அதே தொண்டை.

ஒரே ஒரு வித்தியாசம். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 'அன்னக்கிளி' வராது. இந்த சீசன்தான் அவர்களுடைய வருடம்.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

அரசு மருத்துவமனை ஓபியில் சித்திரை மாதம் உட்கார்ந்திருந்தால் குரல் கம்மிய ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நாற்பதை நெருங்கும் பெண். கச்சேரிகளில் ஜானகி அம்மா பாட்டெல்லாம் பாடுகிறவர். கணவர் அதே குழுவில் பேட் வாசிப்பவர். குரல் கம்மி ஒன்றரை மாதம்.

"சார், ஒரு ஊசி மட்டும் போட்டு விடுங்க. இன்னிக்கு ராத்திரி புரோகிராம் இருக்கு."

"இதுக்கு முன்னாடி ஊசி போட்டீங்களாம்மா?"

"நாலு தடவை சார். போட்டா அன்னிக்கு நல்லா இருக்கும். மறுநாள் சுத்தமா காத்துதான் வருது."

"கொஞ்ச நாள் பாடாம இருக்க முடியுமா?"

அவர் சிரித்தார். கணவர்தான் பதில் சொன்னார். "அட்வான்ஸ் வாங்கிட்டோம் சார். இன்னும் 22 புரோகிராம் இருக்கு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் திறக்கப் போகுது."

இதுதான் சிக்கல். "ஒரு மாதம் வாயைத் திறக்காதீர்கள்" என்று சீட்டில் எழுதுவது எனக்கு ஒரு நிமிட வேலை. அதைக் கேட்டுக்கொண்டு போய் அன்றைக்கு ராத்திரியே மேடை ஏறுவார்கள். நான் எழுதினது சீட்டோடு சரி.

அதனால் பேச்சை வேறு மாதிரி ஆரம்பிக்க வேண்டியிருந்தது. முதலில் தொண்டைக்குள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நம் குரல்வளையில் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. மூச்சுக்காற்று மேலே வரும்போது இரண்டும் ஒன்றோடொன்று தட்டி அதிரும். ஆண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை. பெண்களுக்குச் சுமார் 200 தடவை. பாட்டில் மேல் ஸ்தாயி போனால் இன்னும் பல மடங்கு.

கணக்குப் போடுங்கள். நொடிக்கு 200 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் தட்டு!

கையை அத்தனை தடவை தட்டினால் என்ன ஆகும்? தோல் சிவக்கும், வீங்கும், நாளடைவில் காய்த்துப்போகும். குரல்நாணிலும் அதேதான். அதிகமாக மோதும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன முடிச்சு வரும். அது கேன்சர் இல்லை. கடப்பாரை பிடிப்பவர் உள்ளங்கையில் வரும் காய்ப்பு மாதிரி. அது வந்துவிட்டால் இரண்டு நாணும் சரியாக மூடாது. இடைவெளியில் காற்று கசியும். அதைத்தான் அந்த அம்மா "காத்துதான் வருது" என்றார்.

அந்த ஊசி என்ன செய்யும்?

பெரும்பாலும் அது டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு. வீக்கத்தைத் தற்காலிகமாக அமுக்கும். குரல் வந்துவிட்டது என்று நினைத்துப் புண்பட்ட நாணை வைத்து நாலு மணி நேரம் கத்துவோம். சுளுக்கின காலில் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடுவது போலத்தான். ஓடிவிடலாம். மறுநாள் கால் இருக்காது. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு அது தனித் தொந்தரவு. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்துவிட்டு, தேவை என்று முடிவு செய்து, எப்போதாவது கொடுப்பது வேறு. ஒவ்வொரு புரோகிராமுக்கும் முன்னால் கடையில் கேட்டுப் போட்டுக்கொள்வது வேறு.

இன்னொரு விஷயம். அவர் ஏன் அப்படிக் கத்துகிறார்?

எட்டியேன் லொம்பார்ட் என்று பிரான்ஸ் நாட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் 1911-இல் இதை விளக்கினார். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான். தன் குரல் தன் காதில் விழுகிற வரைக்கும் உயர்த்திக்கொண்டே போவான். இதற்கு அவர் பெயரையே வைத்து 'லொம்பார்ட் விளைவு' என்கிறோம்.

1963-இல் பீட்டில்ஸுக்கு மேடையில் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்குத் தனி ஸ்பீக்கர் கிடையாது. எதிரே ரசிகைகளின் கூச்சல். கத்தினார்கள்.

இன்றைக்கு நம் தெரு மேடையில்? ஸ்பீக்கர் எல்லாம் ஜனங்களைப் பார்த்து. பாடகர் காதுக்குப் பின்னாலிருந்து டிரம்ஸும் பேடும்தான் வருகின்றன. தன் குரல் காதில் விழாமல் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார்.

இது பாடகர்களுக்கு மட்டும் இல்லை. ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. நாங்கள் மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். அங்கே விசைத்தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதென்றாலும் கத்தத்தான் வேண்டும். எட்டு மணி நேரம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தும் சத்தமாகவே பேசுவார்கள். "எங்க வீட்டு ஆள் எப்பவும் சண்டை போடுற மாதிரியே பேசுது சார்" என்பார்கள். சண்டை இல்லை, தறி. டீச்சர்கள், பஸ் கண்டக்டர்கள், சந்தையில் கூவி விற்பவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான்.

அந்த அம்மாவுக்கு என்ன செய்தோம்?

முதலில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பி உள்ளே பார்க்கச் சொன்னோம். மூக்கு வழியாக ஒரு சின்ன கேமரா, சில நிமிடம்தான். இரண்டு பக்கமும் முடிச்சு. வேறு ஒன்றும் இல்லை. இந்த முடிச்சுக்கு முதல் வைத்தியம் ஆபரேஷன் இல்லை. குரல் பயிற்சி. குரலைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டாலே நிறையப் பேருக்குச் சுருங்கிவிடும்.

அப்புறம் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து, அந்த 22 புரோகிராமையும் எப்படி நடத்துவது என்று பேசினோம். அப்போதுதான் லெனன் லீவு போட்ட மூன்று நாளைச் சொன்னேன்.

"உலகத்துலயே பெரிய குழு. அவங்களே ஒருத்தனுக்கு முடியலைன்னா மத்தவன் பாடினான். உங்க குழுவுல வேற பாடுற பொண்ணு இல்லையா?"

இருந்தாள். கல்லூரியில் படிக்கும் பெண். கோரஸ் மட்டும் பாடிக்கொண்டிருந்தாள்.

பாதிப் பாட்டு அவளுக்குப் போனது. அம்மா பாடும் பாட்டை கீபோர்டுக்காரர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கினார். நாலைந்து புரோகிராமை வேறு குழுவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அட்வான்ஸில் நஷ்டம்தான். அதை நான் மறைக்க விரும்பவில்லை. குரலைக் காப்பாற்றுவது இலவசம் இல்லை.

ஆடி மாதம் வந்தார். பேச்சுக் குரல் தெளிந்திருந்தது. மேல் ஸ்தாயி இன்னும் முழுசாக வரவில்லை. "பழைய மாதிரி வருமா சார்?" என்று கேட்டார். "பயிற்சியை விடாமச் செஞ்சா பெரும்பாலும் வரும்மா, முழுசா வரும்னு இப்பவே சத்தியம் பண்ண முடியாது" என்றேன். அந்தக் கோரஸ் பெண் இப்போது தனியாகவே மேடையைத் தாங்குகிறாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பயம், இரண்டும் இருந்தது.

பாடுகிற சொந்தங்களே, தொண்டையை நம்பிப் பிழைக்கும் எல்லோருமே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. தண்ணீர். நாம் குடிக்கும் எதுவும் குரல்நாணைத் தொடாது. அது உணவுக்குழாயில் போகிறது. பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். உடம்பில் ஈரம் இருந்தால்தான் நாணில் ஈரம். ஆகவே மேடைக்கு முன்னால் ஒரே மடக்காகக் குடிக்காமல், காலையில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

2. ஆவி பிடிப்பது நல்லது. கொதிக்கும் குண்டானைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள். வெந்நீர் கொட்டி வெந்துபோய் வரும் பிள்ளைகளையும் நாங்கள்தான் பார்க்கிறோம்.

3. குரல் கம்மினால் குசுகுசுவென்று பேசாதீர்கள். அதுவும் நாணுக்குச் சிரமம்தான். மெதுவாக, இயல்பாக, குறைவாகப் பேசுங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். ஒவ்வொரு செருமலும் ஒரு அடி.

4. கச்சேரி முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு எண்ணெய் பரோட்டாவும் சால்னாவும் அடித்துவிட்டு அப்படியே வேனில் சாய்ந்து தூங்குவது. எங்கள் மாவட்டத்துப் பரோட்டாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சாப்பிட்ட உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையைச் சுடும். காலையில் குரல் கரகரவென்று இருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். கச்சேரிக்கு முன்னால் அளவாகச் சாப்பிடுங்கள். முடிந்தபின் இட்லி, இடியாப்பம் போதும்.

5. பாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குரல் அறுந்தது போல் நின்றுவிட்டால், அதற்குமேல் ஒரு வரி கூடப் பாடாதீர்கள். குரல்நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். உடனே குரலுக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறும். தொடர்ந்தால் நிரந்தரத் தழும்பு ஆகலாம்.

6. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் போனால் கட்டாயம் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட், பான், புகையிலை, மது பழக்கம் உள்ளவர்கள் ஒருநாளும் தள்ளிப் போடாதீர்கள். குரல்வளைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பல பேருக்கு வெறும் குரல் கம்மல்தான். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாக்கக்கூடிய புற்று அது. எங்கள் மாவட்டத்தில் 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை வரைக்கும் போக வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம்.

7. வேன் ஓட்டுபவரும் மனுஷன்தான். ராத்திரி முழுக்க ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு மதுரை-தென்காசி ரோட்டில் அவரை ஓட்டச் சொல்லாதீர்கள். கச்சேரி நடக்கும்போது அவரைத் தூங்கச் சொல்லுங்கள். முன் கண்ணாடி நொறுங்கின வேனில் பீட்டில்ஸ் பிழைத்து வந்தது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் கிடைக்காதவர்களை நாங்கள் விடியற்காலை அவசர சிகிச்சைப் பிரிவில் பார்க்கிறோம்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒன்று.

பாவலர் குழுவில் பெண் குரலில் பாட வேண்டிய இடங்களைச் சின்னத் தம்பிகள்தான் பாடினார்கள். மீசை முளைக்காத வயதில் ஆண் பிள்ளைக்கும் அந்தக் குரல் வரும். 12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை வளரும், நாண் நீளும், தடிக்கும். குரல் உடையும். இது நோய் இல்லை, வளர்ச்சி. அந்தச் சில மாதங்களில் "போன வருஷம் பாடினியே, அதே சுருதியில பாடு" என்று போட்டி மேடைக்காகப் பிள்ளையை நெருக்காதீர்கள். சுருதியை இறக்கிப் பாடட்டும். இல்லாவிட்டால் கொஞ்ச நாள் ஒரு வாத்தியம் பழகட்டும். குரல் திரும்பி வரும். புதுக் குரலாக வரும்.

கடைசியாக, விழாக் கமிட்டி அண்ணன்களுக்கு. உங்களை நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன்.

மேடை போடும்போது பாடகரைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் வையுங்கள். மைக் செட்டுக்காரரிடம் சொன்னால் போதும். அது ஒன்றே பாதித் தொண்டையைக் காப்பாற்றும்.

நடுவில் 20 நிமிடம் இடைவேளை கொடுங்கள். பரிசு கொடுப்பது, சால்வை போடுவது, நன்கொடை கொடுத்தவர் பெயர் வாசிப்பது எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் வாசிக்கத்தானே போகிறீர்கள்!

மேடைக்குப் பின்னால் குடிக்கத் தண்ணீரும், பாடுகிற பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் ஏற்பாடு செய்யுங்கள். கழிப்பறை இல்லை என்பதற்காகவே நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பாடகிகள் இருக்கிறார்கள். நான் முதல் பாயின்டில் சொன்ன அறிவுரை அவர்களுக்கு எப்படிப் பயன்படும்?

பாடகர் "இன்னிக்கு முடியலை, எனக்குப் பதிலா இவங்க பாடுவாங்க" என்று சொன்னால் பணத்தைப் பிடிக்காதீர்கள். வருகிற புதுப் பெண்ணையும் புதுப் பையனையும் கேட்டுப் பாருங்கள்.

1963 மார்ச்சில் அந்த மூன்று ஊர்க்காரர்கள் லெனன் இல்லாத பீட்டில்ஸைத்தான் கேட்டார்கள். கச்சேரி நடந்தது. லெனனும் திரும்பி வந்தார்.

இந்தப் பதிவை உங்களுக்குத் தெரிந்த ஒரு பாடகருக்கும், ஒரு விழாக் கமிட்டிக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். குரல் கம்மி மூன்று வாரம் தாண்டின ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், நாளைக்குக் காலையிலேயே ஓபிக்குக் கூட்டி வாருங்கள்.